நாற்பத்தேழாம் எண்ணில் உன் தலை

ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. முகம் நீக்கியவை இருநூற்றுப் பதினாறு. பாக்கி எண்பத்து மூன்று.

அப்பா, என் வேலைக் குறிப்பு இந்த இடத்தில் நிற்கிறது. அடுத்து எழுத வேண்டிய வரியில் உன் மூக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்த வரியை நான் இன்னும் எழுதவில்லை, எழுதும் உரிமையும் இப்போது என்னிடம் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். உன்னைத் திட்டத்தான் ஆரம்பிக்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கடைசிவரை சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "மண்டைய போட்டோ எடுக்கிற எடத்துல கம்ப்யூட்டர்" என்று சொல்லி வைத்தாய். போட்டோ எடுப்பது நான் இல்லை. எடுத்ததை ஒழுங்காக வைப்பதும், வெளியில் உள்ள ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஆக்குவதும்தான் என் வேலை. மறதி நோய் எங்கே, எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்க்கிற ஆய்வு இது. வயதானவர்களை வரவழைத்து, தலையை ஸ்கேன் எடுத்து, ஞாபகப் பரீட்சை வைத்து, சில வருடம் கழித்து அதே ஆட்களை மறுபடியும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓர் ஊர்ப் படங்களை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல நாட்டுப் படங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் தெரியும். எங்கள் படங்கள் இந்த மாதக் கடைசிக்குள் அப்படி ஒரு பொதுத் தொகுப்புக்குப் போயாக வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்தபோது அவை இருந்த லட்சணத்தை நீ பார்த்திருந்தால், ஐஸ் போடாமல் வெயிலில் கொட்டிய மத்தி என்றிருப்பாய். பாதி சி.டி.யில், பாதி மூன்று ஹார்டு டிஸ்கில். ஃபோல்டர்களின் பெயர்கள் 'கடைசி', 'புதுக் கடைசி', 'மேடம் லேப்டாப்'. சிலருக்குப் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. எங்கள் மேடம், அதாவது ஆய்வின் தலைவி, கெட்டிக்காரர். ஆனால் ஒரு ஃபைலுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்க அவருக்கு வராது. எல்லாவற்றையும் ஒரே முறையில் பெயர் மாற்றி, எண் கொடுத்து, சர்வரில் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை.

கடைசி வேலை முகம். தலையை ஸ்கேன் எடுத்தால் மூக்கு, கன்னம், காது எல்லாம் அதில் பதிந்துவிடும். அதைத் திரையில் உருட்டித் திருப்பினால், கண்ணை மூடிய களிமண் தலை மாதிரி ஆளே தெரிவார். அதனால் வெளியே கொடுக்கும் முன்பு ஒரு புரோகிராம் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடும், மூளை பத்திரமாக இருக்கும். சரியாகச் சுரண்டியதா என்று ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஆள் பார்க்க வேண்டும். அந்த ஆள் நான். அன்று கடற்கரைச் சாலைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் விழாவுக்காக வண்டி விடவில்லை. சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து, எரிச்சலோடு உட்கார்ந்து, தலை தலையாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

எண்ணைப் பார்த்து உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. எண் வைப்பதே அதற்குத்தான். ஆனால் படகு என்ஜினின் கைப்பிடி அடித்து இடப்பக்கம் சாய்ந்த மூக்குக்கு எந்த எண்ணை ஒட்டினால் என்ன? தொகுதிக்குத் தொகுதி எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்; அன்றைய தொகுதியில் நாற்பத்தொன்றில் நீ இருந்தாய். நீயும் ஆய்வில் சேர்ந்தவன், என்றாவது எதிரே வருவாய் என்று தெரிந்ததுதானே. விதிப்படி அந்த இடத்திலேயே எழுந்து, வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் ஆறு தலைகள் தள்ளிவிட்டு எழுந்திருப்போம் என்று தள்ளினேன். நாற்பத்தேழிலும் நீ இருந்தாய்.

எவனோ ஒரே ஃபைலை இரண்டு முறை காப்பி அடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு உள்ளே பார்த்தால் ஒன்று காலையில் எடுத்தது, இன்னொன்று அதே நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டில் தலை சாய்ந்திருக்கும் கோணம் வேறு. மதியப் படம் லேசாகக் கலங்கியிருக்கிறது, சாப்பிட்ட மயக்கத்தில் அசைந்திருக்கிறாய். மூளையின் மடிப்புகள் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. ஒப்பிடும் புரோகிராமை ஓட்டினேன். ஒரே ஆள் என்றது. நீ இரண்டு தடவை உள்ளே போயிருக்கிறாய், இரண்டு பேராக.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் காலேஜில் கடைசி வருடம். ஊர்ப் பஞ்சாயத்தார் ஆய்வுக்காரர்களிடம் இத்தனை ஆள் அனுப்புகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கோயில் வாசலில் வேன் வந்து நின்றது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி போனீர்கள். திரும்பி வந்து நீ சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினாய். சாம்பாரில் உப்பு இல்லை, மிஷின் ஐஸ் உடைக்கிற மிஷின் மாதிரி சத்தம் போடுகிறது, இவ்வளவுதான். படத்தை வெளியே கொடுக்கலாமா என்று கையெழுத்து வாங்கினார்களாம். "எனக்கே உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாது, தெரிஞ்சவன் பாத்துட்டுப் போறான்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாய்.

அப்போது உனக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடம் கழித்துத் தவளக்குப்பம் கூட்ரோட்டில் மீன் பையோடு நின்று, கடல் எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டாய். அவன் நம்ம ஊர்ப் பையன். கிண்டல் பண்ணுகிறாய் என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். இரண்டாவது ஸ்கேனுக்கு உன்னை நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். அதற்குள் இங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நோணாங்குப்பம் பாலத்தில் நிறுத்தச் சொல்லி, சுற்றுலாப் படகு ஓட்டுகிறவனைப் பார்த்து, "இவன் தண்ணியோட சண்ட போடறான்டா" என்றாய். என் பெயர் உனக்கு வரவில்லை, அது மட்டும் வந்தது.

இப்போது கேள். நோய் வெளியே தெரிவதற்கு முன்பு ஒரு படம், வந்த பின்பு ஒரு படம். பள்ளிக்கூடம் போகாத, கடலிலேயே உடம்பைக் கரைத்த ஓர் ஆளுடையது. உலகத் தொகுப்புகளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் படித்த, வெள்ளைக்கார, நல்ல மருத்துவம் பார்த்துக்கொண்ட தலைகள். அதை வைத்துச் சொல்லும் விதிகள் நம் ஆட்களுக்குப் பொருந்துமா என்றே யாருக்கும் தெரியாது. உன் ஜோடிப் படம் போனால் ஓர் ஓரத்திலாவது அந்தக் கேள்வி நிற்கும். போகுமா என்பதுதான் இப்போது சிக்கல். சிக்க வைத்தது நீ.

நாற்பத்தேழு யார் என்று நான் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. தேவையும் இல்லை. அந்த வேனில் போனவர்களில் நீ யாருக்காக இதைச் செய்திருப்பாய்? உன் படகுக் கூட்டாளி கலியன் மாமா ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஏலம் முடிந்து, வலை பின்னும் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, வேனில் போன அன்று ஸ்கேன் பெட்டிக்குள் போனாயா மாமா என்று நேராகவே கேட்டேன். எல்லாரும்தானே போனோம் என்றார், தலை நிமிராமல்.

"உள்ள சத்தம் எப்படி மாமா இருந்துது?"

"சத்தமா? பெருசா ஒண்ணும் இல்ல மாப்ள."

உள்ளே படுத்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். காதில் பஞ்சு வைத்தும் மண்டைக்குள் இடிக்கிற சத்தம் அது. அதைச் சொன்னதும் மாமா வலையைக் கீழே வைத்துவிட்டார். கட்டிலைப் பார்த்ததும் பாடை மாதிரி தெரிந்ததாம், வெளியே வந்துவிட்டாராம். பஞ்சாயத்தார் கொடுத்த வாக்கில் ஒரு தலை குறைந்தால் ஊருக்கு அசிங்கம் என்று பயந்திருக்கிறார். நீ அவர் முதுகில் தட்டி, "நீ போயி டீ குடி, ஒம் பேர்ல நான் படுத்துட்டு வரேன்" என்று சொன்னாயாம். காலையில் இருந்த டெக்னீஷியன் மாறி மதியம் வேறு ஆள். தலையில் தொப்பி, உடம்பில் பச்சை அங்கி. பேரைக் கூப்பிட்டார்கள், நீ எழுந்து போனாய்.

"கடலுக்கு வர முடியாத அன்னிக்கு ஆள் மாத்தி அனுப்பறது இல்லியா?" என்று மாமா என்னையே கேட்டார். "போன ஆளு வேற, பங்கு நம்ம பேர்ல. எத்தினியோ தடவ நான் அவனுக்குப் போயிருக்கிறேன், அவன் எனக்கு வந்திருக்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலைக்கு எந்தக் கை இழுத்தது என்று தெரியாது மாமா, ஆனால் இது தலை என்றேன். ஞாபகப் பரீட்சை எழுதியது நீ மாமா, படத்தில் இருப்பது அப்பா. மறுமுறை கூப்பிட்டபோதும் நீ பெட்டிக்கு வராமல் பரீட்சைக்கு மட்டும் வந்து நன்றாகச் சொல்லியிருக்கிறாய். அதனால் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது தெரியுமா, இந்த மூளை வைத்திருந்தவன் கடைசிவரை நன்றாக இருந்தான் என்று இருக்கிறது. இதைப் பார்த்து எங்கோ ஒரு டாக்டர், இப்படிப்பட்ட படம் வந்தால் பயம் இல்லை என்று எடுத்துக்கொள்வான். அந்த மூளையை வைத்திருந்தவன் சொந்த மகன் பெயர் தெரியாமல் செத்தான். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், வாசலில் இருந்த நாய் எழுந்து போனது.

அவர் கோபப்படவில்லை. வலையை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒரு தடவ போனவனுக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. ரெண்டு தடவ போனவனுக்கு ஆயிப்போச்சி. அதுல ஒரு தடவ என்னுது."

அப்பா, நீ போனதில் இருந்து ஞாயிறு தவறாமல் நம் வீட்டுக்கு மீன் வருகிறது. சிநேகிதத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தனக்கு வர வேண்டியதை நீ வாங்கிக்கொண்டதாக அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார். ஊரிலும் பாதிப் பேர் அந்தப் பெட்டிதான் உன்னைக் கெடுத்தது என்கிறார்கள். அம்மாவும்தான். அன்று ஒரே நாளில் நீ இரண்டு முறை போனது அவளுக்குத் தெரியாது. அது வெறும் காந்தம் மாமா, அதனால் மறதி வராது என்றேன். "காந்தம்னா இழுக்காதா?" என்று கேட்டார். இரும்பைத்தான் இழுக்கும் என்றேன். நான் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் அடி எனக்கு. "உங்க அப்பான்னு தெரிஞ்ச நிமிஷமே கைய எடுத்திருக்கணும். நீங்க ஊருக்குப் போய் விசாரணை நடத்திட்டு வந்திருக்கீங்க" என்றார். உண்மைதான். அந்த வேனில் வந்தவர்களின் படங்களைத் தொடும் அனுமதி என்னிடமிருந்து அந்த இடத்திலேயே போனது. இரண்டாவது அடி உனக்கு. நாற்பத்தேழும் போகாது, நாற்பத்தொன்றும் போகாது. சந்தேகம் வந்தால் விலக்கு என்பது விதி. நாற்பத்தொன்று என்ன பாவம் செய்தது என்று குரலை உயர்த்தினேன்.

"ரெண்டு எண், ஒரே தலை. அது யார் தலைன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

"மூக்க வச்சு."

"மகன் அடையாளம் சொல்ற மூக்கு ஆதாரம் ஆகாது தம்பி."

இரண்டாவது ஸ்கேனில் போட்டோ எடுத்துப் பதிந்திருக்கிறோமே, அந்தப் படம் இரண்டோடும் ஒத்துப்போகிறதே என்று சண்டை போட்டேன். மேடம் யோசித்தார். அது பாதி ஆதாரம் என்றார். அந்த இன்னொருவர் உயிரோடு இருந்தால் வந்து ஒரு முறை படுக்கட்டும். அவர் தலை வேறு என்று படத்தில் தெரிந்தால், நாற்பத்தொன்றைக் காப்பாற்றலாமா என்று நெறிமுறைக் கமிட்டியில் கேட்கிறேன். ஆனால் அவராக விரும்பி வர வேண்டும், நீங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தால் அந்தப் படமும் செல்லாது. இப்படிச் சொல்லி முடித்துவிட்டார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் ஆத்திரத்தை அதிகமாக்குகிறது.

அன்று சாயங்காலமே மாமாவுக்குப் போன் போட்டேன். வரமாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். காலையில் எடுத்த படமும் மதியம் எடுத்த படமும் இருக்கிறதுதானே? "பொட்டிக்குள்ள மொத தடவ போவறதுக்கு முன்னாடியே அவனுக்கு அது இருந்துதான்னு அதுல தெரியுமா? தெரியும்னா எனக்குக் காட்டு. பாத்துட்டு வரேன்."

நான் டாக்டர் இல்லை அப்பா. ஆனால் நினைவுக்கான பகுதியை அளந்து சொல்லும் புரோகிராமின் எண்களை அனுமதி போவதற்கு முன்பே பார்த்திருந்தேன். அன்று காலைப் படத்திலேயே, நீ முதல் தடவை படுத்தபோதே, உன் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட அது சுருங்கித்தான் இருக்கிறது. ஒரே படத்தை வைத்து யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள். அதோடு மூன்று வருடம் கழித்து எடுத்ததையும் வைத்துப் பார்த்தால், இது வேனில் ஏறுவதற்கு முன்பே உனக்குள் இருந்தது என்று ஒரு மருத்துவர் சொல்லக்கூடும். மாமாவுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவருக்குக் காட்ட எனக்கு அனுமதி இல்லை. முகத்தைச் சுரண்டிவிட்டு, பெயர் தெரியாத நாட்டில் முகம் தெரியாத ஆளுக்கு உன் மூளையை அனுப்பலாம். உன்னோடு முப்பது வருடம் ஒரே படகில் போன ஆளுக்கு அதைத் திரையில் திருப்பிக் காட்டக் கூடாது. இந்த விதியில் தப்பு எங்கே என்று மூன்று நாளாகத் தேடுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கிறது.

ஒரே வழி, இறந்தவரின் படங்களைக் கேட்டு வாரிசு மனுக் கொடுப்பது. வாரிசு அம்மா. அவள் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், அன்று மதியமும் நீ மாமா பேரில் உள்ளே போனதை அவளிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அனுமதி போன அன்று காலை, மேடத்திடம் போகும் முன்பு, ஒரே ஒரு கட்டளையில் நாற்பத்தேழின் படத்தை அழித்திருக்கலாம். ஃபைல் கெட்டுப்போயிருந்தது என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் தெரிந்திருக்காது. மாமா தப்பித்திருப்பார், நாற்பத்தொன்று பத்திரமாகப் போயிருக்கும், அம்மாவிடம் பேசவும் வேண்டியதில்லை. விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. அடுத்தவன் பயப்படுகிற காரியத்தை யாருக்கும் சொல்லாமல் நாமே முடித்துக்கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றுகிற இந்த வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். மூக்கு உன்னுடையது வரவில்லை, இது வந்திருக்கிறது. அழிக்கவில்லை. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன், எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

இனி செய்யப்போவது:

1. நாளைக் காலை அம்மாவிடம் சொல்வது. நீ இரண்டு முறை படுத்ததையும், யார் பேரில் படுத்தாய் என்பதையும். காலைப் படத்தின் கதையை முதலில், மதியப் படத்தின் கதையைப் பிறகு. கத்தாமல்.

2. அவள் சம்மதித்தால் மனு. மறுத்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்பது. தொகுப்பின் கடைசித் தேதி அதற்குள் போனால் போகட்டும், அடுத்த வெளியீட்டில் சேர்க்கச் சொல்லி எழுதுவது.

3. படங்கள் கைக்கு வந்ததும் மாமாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது. விளக்குவது மருத்துவர். நான் வாயைத் திறக்கக் கூடாது.

4. நாற்பத்தேழைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முழுவதும் எழுதி, என் பெயரைப் போட்டுக் கமிட்டிக்குக் கொடுப்பது. உன் தப்பையும் சேர்த்து. மன்னித்துக்கொள்.

5. இனிமேல் யார் வந்தாலும் பெட்டிக்குள் போகும் முன்பு வாசலிலேயே போட்டோ. பயமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வியும். இருக்கிறது என்றால் டீ வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், வாக்கில் எத்தனை தலை குறைந்தாலும் சரி.

6. மாமா வந்தால் கதவுவரை கூடப் போவது. அதற்கு மேல் அவரேதான் போக வேண்டும்.